அரை மார்க் டீச்சரின் அறுபது குழி

ஃபிளோரா டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பள்ளிக்கூட வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் திருக்காட்டுப்பள்ளியில் ஒருவர் ஒரு தடவை டீச்சர் ஆகிவிட்டால் கடைசிவரை டீச்சர்தான். காய்கறி வாங்கப் போனாலும் டீச்சர், பேங்க் வரிசையில் நின்றாலும் டீச்சர். அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. அரை மார்க் டீச்சர்.

கணக்குப் பாடத்தில் வழிமுறை சரி, விடை சரி, கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆனால் விடைக்குப் பக்கத்தில் மீட்டர் என்றோ லிட்டர் என்றோ போடாவிட்டால் அரை மார்க் போய்விடும். முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கும் அதே கதிதான், பள்ளிக்கூட மேனேஜர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதிதான். என் மகள் நஃபீசாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை வந்தது. நான் சும்மா இருப்பேனா? என் உரக்கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

"விடை பன்னெண்டு. புஸ்தகத்துலயும் பன்னெண்டு. அப்புறம் எதுக்கு டீச்சர் கொறைச்சீங்க?" என்றேன்.

"பன்னெண்டுன்னு எழுதியிருக்கா பாய். பன்னெண்டு என்ன? பன்னெண்டு மீட்டரா, பன்னெண்டு மாடா?"

பதில் வராதபோது மனுஷனுக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தை நான் நாலைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு என் கடைக்கு மேலே இருக்கும் வீடு காலியானபோது, அவரும் அவர் கணவர் கிளமென்ட்டும் குடிவந்தார்கள். கிளமென்ட்டுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. விடியற்காலம் பூதலூருக்குப் போய் ரயில் ஏறினால், பொழுது சாய்ந்துதான் முகம் பார்க்கலாம். அதனால் பகலெல்லாம் மாடியில் டீச்சர், கீழே உரமூட்டைகளுக்கு நடுவில் நான். கோபத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஒரே படிக்கட்டைப் புழங்க முடியும்? போன இடம் தெரியாமல் அது போய்விட்டது.

டீச்சருக்குத் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் காவிரிக்கரைக் கிராமம். அப்பாவுக்கு ஒன்பது மா நிலம். பாத்திமா மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்து வயல் என்று பெருமையாகச் சொல்வார். கணக்கில் பட்டம் வாங்கி, பதினாறு வருஷம் பாடம் நடத்தினார். தொண்டையில் ஏதோ கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பிறகு குரல் தேய்ந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலையை விட்டுவிட்டார். "பேசறதுதான் கஷ்டம் பாய். எழுதறதுக்கு என்ன?" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் பட்டது.

தஞ்சாவூரில் டேவிட்சன் என்று ஒரு பையன், இன்ஜினியர். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு 'பயிர்த்துணை' என்று ஒன்று ஆரம்பித்திருந்தான். விவசாயி ஒரு நம்பருக்கு போன் செய்தால், மனுஷர் மாதிரியே ஒரு குரல் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்று பேசும். அதற்கு ஏஜென்ட் என்று பெயர். அந்தக் கம்பெனிக்குத்தான் டீச்சர் மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"மிஷினுக்கு நீங்க என்ன டீச்சர் எழுதப் போறீங்க? லவ் லெட்டரா?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரிக்காமல் விளக்கினார். அந்த ஏஜென்ட் பேச்சில் கெட்டிக்காரி. கணக்கில் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடும். அதனால் கணக்குப் போடுவதற்கென்றே தனியாக ஒரு கருவி செய்து பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் அந்தக் கருவியை எடுக்க வேண்டும், உள்ளே எதை எதைப் போட வேண்டும், வெளியே வருவதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை ஏஜென்ட் ஒரு குறிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்தக் குறிப்பை எழுதுவது டீச்சர் வேலை.

"ஊருக்குப் போறப்ப வேலைக்காரம்மாவுக்கு சீட்டு எழுதி வெக்கற மாதிரி," என்றேன்.

"அதேதான் பாய். ஆனா இந்த வேலைக்காரம்மா சீட்டுல இல்லாததைத் திரும்பக் கேக்க மாட்டா. அவளா ஒண்ணை முடிவு பண்ணிக்குவா. அதனால ஒண்ணுவிடாம எழுதணும்."

எழுதினார். அப்படி ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு பக்கக் குறிப்புக்கு ஒரு மாசம். பயிர்மருந்துக் கணக்குக் கருவிக்கு எழுதிய குறிப்பைக் கீழே கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டுவார். "இந்தக் கருவி மருந்தின் அளவை மட்டும் கணக்கிடும். எந்த மருந்து அடிக்கலாம் என்று சொல்லாது. அதை நீயாகச் சொல்லாதே." "விடை மில்லியில் வரும். லிட்டராக மாற்றிச் சொல்லாதே." "முதுகில் மாட்டி அடிக்கும் டேங்க் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் கருவி பிழை காட்டும். விவசாயியிடம் பிழை என்று சொல்லிக் குழப்பாமல், எத்தனை டேங்க் அடிப்பார் என்று மறுபடி கேள்." எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் கடையில் இருபது வருஷமாக விற்கும் பாட்டில்களில் ஒன்றிலாவது இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாத எழுத்தில் பதினாலு பாஷையில் ஏதோ இருக்கும்.

கடைசியில் ஒரு நாள் பரீட்சை வைத்தார். எனக்குத்தான்.

"பாய், நீங்கதான் இப்ப மிஷின். இந்தக் காகிதத்தைப் படிச்சுட்டீங்க. நான் விவசாயி. போன் பண்றேன்."

"வணக்கம், சொல்லுங்க," என்றேன், குரலை இழைத்து. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"களைக்கொல்லி வாங்கி வெச்சிருக்கேன். ஏக்கருக்கு நூறு மில்லின்னு போட்டிருக்கு. டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்?"

காகிதத்தில் இருந்தபடி கேட்டேன். "பரப்பு எவ்வளவுங்க?"

"ஆறு."

"எத்தனை டேங்க் அடிப்பீங்க?"

"இருபது."

நான் விரல் விட்டு எண்ணாமலே சொன்னேன். "மொத்தம் இருநூறு மில்லிங்க. டேங்குக்குப் பத்து மில்லி."

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. சிவப்பு மையால் பெரிதாக ஒரு டிக் போட்டார். ஒன்பதாம் வகுப்பில் என் மகளுக்குக் கிடைக்காத முழு மார்க் அன்று எனக்குக் கிடைத்தது. நான் டீ வரவழைத்தேன். இரண்டு பேரும் சந்தோஷமாகக் குடித்தோம்.

இது புரட்டாசிக்கு முன்னால் நடந்தது. இனி ஹபீபுன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹபீபுன்னிசா எனக்குத் தூரத்து உறவில் தங்கை முறை. வீட்டுக்காரர் சித்தீக் கத்தாரில் இருக்கிறார். வாய்க்கால் தாண்டி அவர்களுக்கு மூன்று மா நிலம். சித்தீக்கின் வாப்பா மௌத்தானதிலிருந்து அது குத்தகையில் கிடந்தது. போன வருஷம் குத்தகைக்காரர் விட்டுவிட்டார். சித்தீக் வேறு ஆளுக்கு விடச் சொன்னார். இவள் கேட்கவில்லை. "ஒரே ஒரு சம்பா நான் பண்ணிப் பாக்கறேன். வெளங்கலைன்னா நீங்க சொல்ற ஆளுக்கே விட்டுடலாம்," என்று போனிலேயே சண்டை போட்டு அனுமதி வாங்கினாள். வயலில் கால் வைத்தறியாதவள். நேரடி விதைப்பு செய்தாள். பயிர் முளைத்து வந்தது, கூடவே களையும் வந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாருமே, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான், கேலி பேசாத ஒரு குரலைத் தேடி அவள் பயிர்த்துணைக்குப் போன் போட்டிருக்கிறாள்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை, கடையில் கூட்டம். ஹபீபுன்னிசா வந்து, "அண்ணே, இந்தக் களைக்கொல்லி நூறு மில்லியில மூணு பாட்டில் குடுங்க," என்று போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"மூணா?" என்றேன்.

"அந்த மிஷின்கிட்ட கேட்டேன். அது கணக்குப் போட்டு சொல்லிடுச்சு."

அவளுக்கு மூன்று மா என்பது எனக்குத் தெரியும். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். ஒரு ஏக்கருக்கு ஒரு பாட்டில். இதெல்லாம் நான் தூக்கத்திலும் சொல்வேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்து, "எதுக்கும்மா மூணு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணனை விட்டுவிட்டு மிஷினிடம் கேட்டாளே என்று எனக்குள் ஒரு எரிச்சல். மிஷின் சொன்னால் மிஷின் சொன்னபடியே வாங்கிப் போகட்டும் என்று மூன்று பாட்டிலைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். டீச்சர் படியிறங்கி வந்தார். ஏஜென்ட்டிடம் வந்த பேச்சுகளைக் கம்பெனி எழுத்தாக்கி அவருக்கு அனுப்பும். பெயரும் நம்பரும் இருக்காது. குறிப்பில் எங்கே தெளிவில்லை என்று கண்டுபிடிக்க அவர் அதைத் தினமும் படிப்பார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"பாய், ஒரு சந்தேகம். மூணு ஏக்கரைப் பத்து டேங்க்ல மருந்தடிச்சு முடிக்க முடியுமா?"

நான் சிரித்தேன். "யாரு டீச்சர் சொன்னது? பத்து டேங்க்ல ஒரு ஏக்கர் நனையும். மூணு ஏக்கருக்கு முப்பது வேணும். பத்து டேங்க்னா அது மூணு மாவா இருக்கும்."

டீச்சர் காகிதத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "கருவி இதை மூணு ஏக்கர்னு எடுத்துக்கிட்டிருக்கு பாய். முந்நூறு மில்லி, பத்து டேங்க். டேங்குக்கு முப்பது மில்லின்னு சொல்லியிருக்கு."

"பத்து ஊத்த வேண்டிய இடத்துல முப்பதா? இளம்பயிரு கருகிடும்."

"நான் எழுதின குறிப்புல பரப்புன்னு மட்டும்தான் இருக்கு," என்றார். தேய்ந்த குரல் இன்னும் தேய்ந்தது. "ஏக்கரா, மாவான்னு கேக்கச் சொல்லலை. நான் எழுதவே இல்லை பாய்."

எனக்கு அப்போதுதான் அந்தப் பரீட்சை ஞாபகம் வந்தது. அவர் "ஆறு" என்றதும் நான் ஆறு மா என்று எடுத்துக்கொண்டேன், மூன்றால் வகுத்தேன், இரண்டு ஏக்கர் என்று விடை சொன்னேன். காகிதத்தில் இல்லாத வேலையை என் தலை செய்தது. இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் அதைத்தான் செய்வான். நிலம் எவ்வளவு என்றால் ஆறு, ஒன்பது என்போம். மா என்று யார் சொல்கிறார்கள்? டேவிட்சன் தென்னந்தோப்பை ஏக்கரில் பேசி வளர்ந்தவன். அவன் கருவியை ஏக்கருக்குச் செய்தான். டீச்சர் மாவில் வளர்ந்தவர். இரண்டு பேருக்குமே அது சொல்லாமல் தெரிந்த விஷயம். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி என்று ஒரு நினைப்பு என்னையும் மீறி ஓடியது. அடுத்த நொடி இன்னொன்று ஓடியது. மூன்று பாட்டில்.

"டீச்சர், அது ஹபீபுன்னிசாவா இருக்கும். காலையில வந்து மூணு பாட்டில் வாங்கிட்டுப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

அவள் நம்பரை நான் ஒருநாளும் வாங்கி வைத்ததில்லை. என்னிடம் இருப்பது கத்தாரில் இருக்கும் சித்தீக்கின் நம்பர். அதற்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. என் மொபெட் மெக்கானிக்கிடம் கிடந்தது. டீச்சர் மாடிக்குப் போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்தார். "ஏறுங்க பாய்," என்றார். ஐம்பத்தாறு வயசில், தொப்பியும் கைலியுமாக, ஒரு டீச்சருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் கடைத்தெருவைத் தாண்டிப் போனேன். பார்த்தவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். தூரத்திலேயே தெரிந்தது. மருந்தடிக்கும் ஆள் முதுகில் டேங்குடன் வயலுக்குள் நின்றார். நான் கையை ஆட்டிக் கத்தினேன். டீச்சரால் கத்த முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் இறங்கி நேராக அவரிடம் போய், மருந்து பீய்ச்சும் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் மிரண்டுபோனார்.

இரண்டு டேங்க் தீர்ந்து, மூன்றாவதை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். மூன்று மா என்றால் முந்நூறு குழி. அந்த வயலில் அறுபது குழிக்கு மூன்று மடங்கு மருந்து விழுந்திருந்தது.

வரப்பில் நின்ற ஹபீபுன்னிசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன டீச்சர்? என்னண்ணே ஆச்சு?"

டீச்சர் சேற்றுக்காலோடு அவள் முன்னால் வந்து நின்றார். சுற்றிவளைக்கவில்லை. "உங்களுக்குத் தப்பான கணக்கு சொல்லியிருக்கும்மா. டேங்குக்குப் பத்துதான் ஊத்தணும். இதுவரைக்கும் அடிச்ச இடத்துல பயிர் கெட்டுப்போகலாம். தப்பு என்னோடது."

"மிஷின் சொன்னதுக்கு நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க?"

"அந்த மிஷின் நான் எழுதி வெச்சதைப் படிச்சுத்தான் பேசுது. மாவா ஏக்கரான்னு கேக்கணும்னு எழுத மறந்துட்டேன். மத்த யாரும் காரணமில்லை."

மத்த யாரும் காரணமில்லை என்று அவர் சொன்னபோது நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். ஹபீபுன்னிசா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் வாய்க்காலைப் பார்த்தேன். என் வாயில் கொழுக்கட்டை இல்லை. ஆனாலும் திறக்கவில்லை. பிறகு பெரிய மனுஷன் மாதிரி, "மருந்து விழுந்த இடத்துக்கு உடனே தண்ணி கட்டி வடிச்சு விடுங்க, கொஞ்சம் தேறும்," என்று யோசனை மட்டும் சொன்னேன்.

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெளங்கலைன்னா குத்தகைக்கு விட்டுடறேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டீச்சர் அந்த வரப்பில் நின்றபடியே டேவிட்சனுக்குப் போன் போட்டார். "தம்பி, மருந்துக் கணக்கை இப்பவே நிறுத்துங்க."

"சாயங்காலம் பாக்கலாமேக்கா. என்ன ஏதுன்னு…"

"இந்த நேரத்துல இன்னொருத்தர் மூணுன்னு சொல்லிக்கிட்டிருப்பாங்க தம்பி. நிறுத்திட்டுப் பேசுங்க."

நிறுத்தினார்கள். பழைய பேச்சுகளையெல்லாம் புரட்டி, அலகு சொல்லாமல் பரப்பு சொன்னவர்கள் பதினொரு பேர் என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவரையும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுப் பேசினார்கள். பாதிப் பேர் பழுத்த விவசாயிகள். மிஷின் சொன்ன அளவைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தங்கள் கணக்குப்படி அடித்திருந்தார்கள். மற்றவர்கள் இன்னும் மருந்தே வாங்கவில்லை. மிஷினை நம்பி அப்படியே செய்தவள் ஹபீபுன்னிசா ஒருத்திதான்.

டீச்சர் குறிப்பைத் திருத்தி எழுதினார். "பரப்பு ஏக்கரில் இருக்க வேண்டும். விவசாயி எண்ணை மட்டும் சொன்னால் கணக்கிடாதே. மாவா, ஏக்கரா, குழியா, சென்ட்டா என்று கேள். ஊகிக்காதே. மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்து மாற்று. மாற்றியதை விவசாயியிடம் சொல்லி, சரிதானா என்று கேட்டபின் கருவியை எடு." அதற்குக் கீழே ஓர் உதாரணம். "அழைத்தவர் மூணு என்றார். அலகு கேட்கப்படவில்லை. மூன்று ஏக்கராகக் கணக்கிடப்பட்டது. அவர் நிலம் மூன்று மா. அறுபது குழிப் பயிருக்கு மூன்று மடங்கு மருந்து விழுந்தது. இப்படிச் செய்யாதே."

டேவிட்சன் அதை எடுத்துவிடச் சொன்னானாம். மிஷின் படிக்கிற குறிப்பில் நம் தப்பை எதற்குப் பறைசாற்ற வேண்டும் என்று கேட்டானாம். "விதியை மட்டும் சொன்னா அது ஒரு வரி. எங்க தப்பும்னு காட்டினாத்தான் தம்பி பாடம்," என்று டீச்சர் சொல்லிவிட்டார். உதாரணம் இருந்தது.

திருத்திய குறிப்புக்கு மறுபடி பரீட்சை நடந்தது. இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. பேராவூரணியில் டேவிட்சனின் அம்மாவிடம் நடந்தது. டெல்டா பக்கமே வராத இன்னும் இரண்டு பேரிடம் நடந்தது. நான் விட்டுக்கொடுக்காமல், "ஏன் டீச்சர், நான் பாஸானவன்தானே?" என்றேன்.

"அதான் பாய் காரணம். உங்களுக்கும் எனக்கும் ஒரே இடத்துல கண்ணு தெரியாது."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளும் அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால், அவனுக்கும் தெரியாதுதான்.

பத்து நாளில் அந்த அறுபது குழி மஞ்சளாகி நின்றது. தண்ணீர் கட்டி வடித்ததில் பாதி தேறியது, மீதி கருகியது. மழை பெய்து ஈரம் காய்வதற்குள், அடர்ந்து முளைத்த இடத்தில் நாற்றைப் பிடுங்கி வெறுந்தரையில் நட வேண்டும். சனிக்கிழமை முழுக்க ஹபீபுன்னிசாவும் இரண்டு நடவாட்களும் நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சர் பூப்போட்ட நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். கிளமென்ட்டும் பேன்ட்டை மடித்துக்கொண்டு நாற்று எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அப்பா வயலில் சின்ன வயசில் நட்டதோடு சரி, இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒரு வாரம் படியிறங்கச் சிரமப்பட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மூணு பாட்டிலைப் பற்றி டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை பிறந்தது. அந்த வயலில் கதிர் பழுத்துத் தலைசாய்ந்துவிட்டது. பின்னால் நட்ட இடம் மட்டும் கொஞ்சம் பச்சையாக, பத்து நாள் பிந்தி நின்றது. வாய்க்கால் பாலத்திலிருந்து பார்த்தால் சதுரமாகத் தெரியும். அறுவடைக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்து தெளிக்க வேண்டும் என்பதால், ஹபீபுன்னிசா விதைக்குக் கலக்கும் மருந்து வாங்கக் கடைக்கு வந்தாள். டீச்சரும் அப்போது கீழேதான் இருந்தார், கல்லாவுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு.

ஹபீபுன்னிசா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பயிர்த்துணைக்கு அடித்தாள். டீச்சர் பேப்பரை மடித்தார்.

"வணக்கம், சொல்லுங்க," என்றது குரல்.

"உளுந்து தெளிக்கணும். விதை எவ்வளவு, மருந்து எவ்வளவு கலக்கணும்?"

"பரப்பு எவ்வளவுங்க?"

"மூணு."

டீச்சர் எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். நானும்தான்.

"மூணு மாவா, மூணு ஏக்கராங்க?"

"மூணு மா."

"மூணு மான்னா ஒரு ஏக்கர்னு வெச்சுக்கறேன். சரிங்களா?"

"சரி. நல்லா இரு," என்றாள் ஹபீபுன்னிசா. மிஷினை வாழ்த்தியதில் எங்கள் ஊரில் அவள்தான் முதல் ஆளாக இருக்கும். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவெல்லாம் இல்லை. சத்தமில்லாத குரலில், "சந்தோஷமா இருக்கும்மா," என்றார்.

"அவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன் டீச்சர். கதிரைப் பாத்துட்டு, அடுத்த வருஷமும் நீயே பாத்துக்கன்னுட்டாரு. அந்தப் பச்சை என்னன்னு கேட்டாரு. அது டீச்சர் நட்டதுன்னேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார். ஏதோ எழுத வேண்டியது இருந்திருக்கும். நான் மருந்துப் பொட்டலத்தை எடைபோட்டேன். கட்டினேன். கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினேன். ஒரு மிஷின் இரண்டு தடவை கேட்கிறது. இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கும் நான் ஒரு தடவை கேட்கவில்லை.

"ஹபீபு," என்றேன். "அன்னிக்கு மூணு பாட்டில் எடுத்துக் குடுத்தது நான். உனக்கு மூணு மான்னு எனக்குத் தெரியும். ஒரு பாட்டில் போதும்னும் தெரியும். என்கிட்ட கேக்காம மிஷின்கிட்ட கேட்டியேன்னு கோவத்துல பேசாம குடுத்துட்டேன். வயல்ல டீச்சர் எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்கலை."

அவள் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்தாள்.

"தெரியும்ணே," என்றாள். "மூணான்னு கேட்டீங்கல்ல, அப்பவே உங்க மொகத்துல இருந்துச்சு. எப்ப சொல்லுவீங்கன்னுதான் நாலு மாசமா இந்தக் கடைக்கே வந்துக்கிட்டிருக்கேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மேல போய் டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

நான் கல்லாவைப் பூட்டிவிட்டுப் படியேறினேன்.